பெத்ரோனாவின் செருப்பு

கார்த்தஹேனா
14 பிப்ரவரி 1988

அன்புள்ள மாப்பிள்ளை ரொசெந்தோவுக்கு,

நானும் உன் மனைவி நூரிஸும் நலம். நம் பாட்டுப்பெட்டி பிக்கோவும் நலம். சுவர் உயரத்துக்கு நிற்கும் அந்த ஸ்பீக்கர் பெட்டிகளுக்குச் சென்ற வாரம் புதுச் சாயம் அடித்தேன். முகப்பில் இருக்கும் கழுதைக்கு இன்னும் இரண்டு பல் வரைந்திருக்கிறேன். 'கோபக்காரக் கழுதை' என்று பெயர் வைத்துவிட்டு அது பல்லைக் காட்டாமல் நின்றால் யார் மதிப்பார்கள்?

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது நீ கொண்டுவந்த ஆப்பிரிக்க ரெக்கார்டுகள் எல்லாவற்றுக்கும் காரியம் முடிந்துவிட்டது. நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பிளேடால் சுரண்டி, உறைகளை அடுப்பில் போட்டேன். நூரிஸ் வழக்கம்போல் கோபத்தில் ஆடினாள். "மீனு பூரா காயித நாத்தம்! உன் ரகசியத்த நாங்க திங்கணுமா?" என்று கரண்டியோடு வந்தாள். பாடியவன் யார் என்று நம் போட்டிக்காரன் அரிஸ்தீதெஸுக்குத் தெரிந்துவிட்டால் மறு மாதமே அவனுடைய பிக்கோ 'சக்கரவர்த்தி'யிலும் அதே பாட்டு ஒலிக்கும் என்று எத்தனை முறைதான் சொல்வது? நோட்டுப் புத்தகத்தில் நம் பெயர்களைப் போட்டுவிட்டேன்: 'பல் வைத்தியர்', 'மாமியார் வருகிறாள்', 'சூடான சோளப் பணியாரம்'. தொள்ளாயிரம் ரெக்கார்டில் ஒன்றுக்கும் உண்மைப் பெயர் எனக்கே தெரியாது. அதுதான் நம் பெருமை.

பக்கத்து வீட்டுக்கு மாட்டுச் சீமையிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. விடிந்தால் ரேடியோவில் அக்கார்டியன் பாட்டுதான். நம் தெருவுக்கே அவமானம். நேற்று ஒருவன் மாட்டைத் தொலைத்துவிட்டு மூன்று நிமிடம் பாடினான். கிடைத்ததா இல்லையா என்று தெரிவதற்குள் நூரிஸ் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

நீ தேடிக்கொண்டே இரு, நல்லதாக அனுப்பு.

உன் மச்சான்,
எலியேசர்


அபிஜான்
20 மார்ச் 1988

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் எனக்காகக் காத்திருந்தது. கழுதைக்குப் பல் கூடிய செய்தி மகிழ்ச்சி. எனக்குத்தான் ஒன்று விழுந்துவிட்டது, கீழ்வரிசையில்.

இங்கே நாலு நாள் நிற்கிறோம். முப்பத்தொரு பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, அரைநாள் அனுமதி வாங்கி, சந்தைக்குள் ரெக்கார்டு கடைகளில் உட்கார்ந்தேன். மழை. நாற்பது வாங்கியிருக்கிறேன். பெட்டியைத் தோளில் சுமந்து ஏணி ஏறும்போது முதுகில் ஏதோ 'டக்' என்றது. தளத்தில் நின்ற பயல்கள் அதற்குத் தாளம் போடுகிறார்கள்.

கடைக்காரன் நல்லவன். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். "புடிச்சிருக்கா அண்ணே?" என்று சைகையில் கேட்பான். நானும் தலையாட்டுவேன். எதற்கு ஆட்டுகிறேன் என்று சில சமயம் எனக்கே தெரிவதில்லை. மழையாக இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். நான் விடுமுறையில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் உங்கள் இடது காலைக் கவனித்தேன். ரெக்கார்டு சுழன்றால் அந்தக் கால் தானாகத் தரையைத் தட்டும். ஊருக்கே தெரிந்த கால். இந்த முறை அது சும்மா இருந்ததே? மூட்டு வலியா?

செப்டம்பர் பதினைந்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. ஆன்ட்வெர்ப் ஆபீசில் கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருடம். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்,
ரொசெந்தோ


கார்த்தஹேனா
25 ஏப்ரல் 1988

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. ஒன்றும் உடையவில்லை. நாற்பதையும் கேட்டேன். எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஒன்றைப்போல் ஒன்று நன்றாக இருக்கின்றன. நாற்பதில் எதை முதலில் போடுவது என்று தெரியாத அளவுக்கு ஒரே மாதிரி நன்றாக இருக்கின்றன.

என் காலுக்கு ஒரு கேடும் இல்லை. செருப்பு மாற்றினேன், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 24, சான் ஹுவான் திருநாள் அன்று மைதானத்தில் நமக்கும் அரிஸ்தீதெஸுக்கும் போட்டி. இந்தப் பக்கம் கழுதை, அந்தப் பக்கம் சக்கரவர்த்தி, மாற்றி மாற்றி ஒவ்வொரு பாட்டு. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அவன் ராஜா. போன வருடம் என்ன நடந்தது என்று நான் எழுதவே இல்லை. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. நம் பக்கம் நின்றது நூரிஸும், பொரித்த மீன் விற்கிறவளும், ஒரு நாயும். அரிஸ்தீதெஸ் ஒலிவாங்கியில், "எலியேசர் அண்ணே, அந்த நாயாவது உம்மளுதா, இல்ல வாடகைக்கா?" என்று கேட்டான். இந்த வருடமும் அப்படி ஆனால் கழுதையை விறகுக்குத்தான் போட வேண்டும்.

ஒன்றே ஒன்று போதும், மாப்பிள்ளை. யாரிடமும் இல்லாத ஒன்று. உன் கையில்தான் இருக்கிறது.

மாட்டைத் தொலைத்தவன் பாட்டு மறுபடி வந்தது. மாடு கிடைக்கவில்லை. அதைத் தேடிப் போன இடத்தில் ஒரு பெண் கிடைத்திருக்கிறாள். தற்செயலாகக் காதில் விழுந்தது.

எலியேசர்


டக்கார்
18 மே 1988

அன்புள்ள மச்சானுக்கு,

நம் இன்ஜின் அறை வில்ஃப்ரிதோ விடுமுறைக்கு ஊருக்கு வருகிறான். அவன் கையில் ஒரே ஒரு ரெக்கார்டு கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே ஒரு சந்தில், வெளியே பெயர்ப்பலகைகூட இல்லாத கடையில் கிடைத்தது. கிழவர் ஒருவர் வைத்திருந்தார். போட்டதும் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு தச்சன் ரம்பத்தைக் கீழே வைத்தான். கிழவர் விற்க மாட்டேன் என்றார். என் கைப்பக்குவத்தில் தேங்காய்ச் சோறு ஆக்கிக் கொடுத்த பிறகுதான் மனம் இரங்கினார்.

கப்பலில் எட்டிப் பார்க்கிற ஆட்கள் அதிகம். அதனால் லேபிளை நானே சுரண்டிவிட்டேன். உறையையும் கடலில் போட்டுவிட்டேன். உங்களுக்கு அந்த வேலை மிச்சம்.

வேறு ஒன்றும் வாங்கவில்லை. முதுகு.

நூரிஸ் எப்படி இருக்கிறாள்? எனக்கு எழுதும்போது "நன்றாக இருக்கிறேன்" என்று மட்டும் எழுதுகிறாள். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கிறீர்கள், நீங்கள் சொல்லுங்கள்.

ரொசெந்தோ


கார்த்தஹேனா
27 ஜூன் 1988

என் தங்கமே, என் மாப்பிள்ளையே,

ஜெயித்துவிட்டோம்!

நீ அனுப்பிய ரெக்கார்டைக் கடைசி வரை கையில் வைத்திருந்தேன். அரிஸ்தீதெஸ் தன்னிடம் இருந்த நல்லதையெல்லாம் போட்டுத் தீர்த்தான். கூட்டம் முக்கால்வாசி அவன் பக்கம் போயிருந்தது. அப்போது போட்டேன். கித்தார் ஆரம்பித்து இருபது எண்ணுவதற்குள் ஜனம் திரும்பியது. ஓடி வந்தார்கள், மாப்பிள்ளை! ஒருத்தி கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். நடுவில் ஓரிடத்தில் ஊசி ஒரு தாவு தாவுகிறது, கப்பலில் பட்ட கீறலாக இருக்கும். இரண்டாம் முறை போடும்போது அந்த இடத்தில் மைதானமே சேர்ந்து தாவியது. அதனால் 'தாவும் ஆடு' என்று பெயர் வைத்திருக்கிறேன். அரிஸ்தீதெஸ் லேபிளைப் பார்க்க ஆள் அனுப்பினான். அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, "உங்க சக்கரவர்த்திகிட்ட சொல்லு, ஆட்டுக்குப் பேரு இல்ல, கொம்புதான் இருக்குன்னு" என்றேன்.

இன்னொன்று. என் கால் ஆடியது. பாட்டு முடிகிற வரைக்கும் ஆடியது.

இப்போது பயமில்லாமல் உண்மையைச் சொல்கிறேன். மூன்று வருடமாக எனக்கு இந்தச் சங்கீதம் அலுத்துப் போயிருந்தது. ஊசியை வைத்ததும் கொட்டாவி வரும். நீ அனுப்பிய நாற்பதில் பத்தைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கார்டியனைத்தான் ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், நூரிஸ் மீன் வாங்கப் போகும் நேரம் பார்த்து. இருபது வருடத்தில் முதல் முறையாகப் பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்று புரிந்தது. அந்தச் சுகமே தனி. 'போதும், வந்துவிடு' என்று உனக்கு எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். முடியவில்லை. கல்யாணமாகி ஒரு மாதத்தில் உன்னைக் கப்பலேற்றியவன் நான். "ரெண்டே வருஷம், ரெக்கார்டு சேந்ததும் வந்துடலாம்" என்று சொன்னவன் நான். பதினாறு வருடம் கழித்து, 'எனக்கு அலுத்துவிட்டது' என்று எந்த வாயால் சொல்வேன்?

அந்தக் கவலை இனி இல்லை. இந்த ஒரு ரெக்கார்டில் பதினாறு வருடத்துக்கும் பலன் கிடைத்துவிட்டது. நீ யோசிக்காதே. கையெழுத்துப் போடு. மூன்று வருடம் ஓடிவிடும். திரும்ப டக்காருக்குப் போய் அந்தக் கிழவருக்குத் தினமும் தேங்காய்ச் சோறு ஆக்கிப் போடு!

நூரிஸைக் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறாள். போட்டியன்று மட்டும் கழுதைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். சத்தம் தாங்கவில்லை போலிருக்கிறது.

ஆனந்தத்தில் இருக்கும்,
எலியேசர்


லாஸ் பல்மாஸ்
22 ஜூலை 1988

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதத்தை நாலு முறை படித்தேன். நீங்கள் ஜெயித்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அந்தக் கடை விஷயம். டக்காரில் மறுபடி விசாரித்தேன். மூடிவிட்டார்களாம். கிழவர் கல்யாணம் செய்துகொண்டு உள்நாட்டுக்குப் போய்விட்டார். வயது எழுபத்தாறு இருக்கும், ஆனாலும் போய்விட்டார். அதனால் அந்த மாதிரி ரெக்கார்டு இனிக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். உங்கள் கால் ஆடுகிறது என்றால் போடத்தான் வேண்டும். ஒன்று மட்டும் செய்யுங்கள். நூரிஸிடம் கேளுங்கள். அவள் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே எழுதுங்கள். நானாகக் கேட்டால், "உன் இஷ்டம்" என்றுதான் எழுதுவாள்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எழுதுகிறேன். காகிதத்தில் ஈரம் இருந்தால் அதுதான்.

ரொசெந்தோ


கார்த்தஹேனா
16 ஆகஸ்ட் 1988

அடேய் திருடா,

நலமா?

மீன் விற்கிற பெத்ரோனா மே மாதமே பர்ரான்கியாவுக்கு, தங்கை பிரசவத்துக்காகப் போயிருந்தாள். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்தாள். நான் 'தாவும் ஆட்டை'ப் போட்டேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் மேஜை முன்னால் நின்றாள்.

"எலியேசரு, நிறுத்து! இது எங்க இருந்து வந்துச்சு?"

"ஆப்பிரிக்கா. ஜூன் மாசந்தான் வந்துச்சு. ஒரே ஒரு காப்பி, உலகத்துலயே."

"மண்ணாங்கட்டி! இது என் கல்யாணத்துல நீ போட்ட பாட்டுய்யா. எழுவத்தி நாலுல. பாரு, இப்ப தாவும் பாரு... தாவுச்சா? அந்த எடத்துலதான் என் செருப்புக் குதி ஒடிஞ்சு உன் மேசை மேல விழுந்தேன். அந்தக் கீறல் என்னுது!"

மைதானம் முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்தேன். எண் 212: 'பெத்ரோனாவின் செருப்பு. கீறல். இனிப் போடாதே.' என் கையெழுத்து. அலமாரியில் 212-ஆம் இடம் பல் விழுந்த மாதிரி காலியாக இருந்தது.

என் ரெக்கார்டை என் வீட்டிலிருந்து எடுத்துப் போய், கடல் தாண்டி எனக்கே அனுப்பியிருக்கிறாய். தச்சன் ரம்பத்தைக் கீழே வைத்தானா? கிழவருக்குக் கல்யாணமா? நீ சமையல்காரன் இல்லை, கதைக்காரன்.

கோபம் ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு அந்த ரெக்கார்டைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். அதே கித்தார், அதே தாவல். கால் ஆடவில்லை. சிரிப்பில் வயிறுதான் ஆடியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜூன் மாதம் என் காலை ஆட்டியது பாட்டு இல்லை. எனக்காக நீ எங்கோ ஒரு சந்தில் தேடி அலைந்து கண்டுபிடித்தாய் என்ற நினைப்புதான். பாட்டின் மேல் ஆசை போய் எத்தனையோ காலம் ஆயிற்று. என் ரெக்கார்டையே எனக்கு அடையாளம் தெரியாத அளவுக்குப் போயிற்று.

நூரிஸிடம் கேட்டேன். அவள் கலங்கவே இல்லை. "ஜனவரியில அவரு அத எடுத்துப் பெட்டியில வெக்கறத நான்தான பாத்தேன். கீறல் இல்லாத காப்பி ஒண்ணு தேடிப் பாக்கறேன், உங்க அண்ணன்கிட்ட சொல்லாதன்னாரு."

"அப்ப ஜூன்லயே உனக்குத் தெரியுமா? ஏன் சொல்லல?"

"ரெண்டு பேருக்கும் அலுத்துப் போச்சு. ரெண்டு பேரும் மூச்சு விடல. யாரு மொதல்ல உண்மையச் சொல்றீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இந்த மாசக் கடைசி வரைக்கும் கெடு வெச்சிருந்தேன். அதுக்கு மேலன்னா உன் தொள்ளாயிரமும் கடலுக்குத்தான் போயிருக்கும்."

பிறகு, பதினாறு வருடத்தில் முதல் முறையாக, என் முன்னால் அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. மீனைக் கழுவிக்கொண்டே அழுதாள். நான் ஒரு முட்டாள், மாப்பிள்ளை. ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று நின்று வீட்டுக்குள் இருப்பது எதுவும் எனக்குக் கேட்காமல் போய்விட்டது. என்னை மன்னித்துவிடு.

கையெழுத்துப் போடாதே. இந்தக் கடிதம் பதினைந்தாம் தேதிக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று நூரிஸ் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறாள். நான் பெரியதாக இரண்டு நேர்ந்திருக்கிறேன்.

ரெக்கார்டுகளை அரிஸ்தீதெஸுக்கே கொடுக்கப் போகிறேன், தொள்ளாயிரமும். லேபிள் இல்லை, உறை இல்லை. நோட்டையும் தர மாட்டேன். எது எது என்று கண்டுபிடிப்பதற்குள் அவனுக்கும் தலை நரைக்கட்டும். கழுதை நம்மிடமே இருக்கும். அடுத்த ஞாயிறு அதில் அக்கார்டியன் போடப் போகிறேன். தெருவே கல்லெறியும். எறியட்டும்.

உன் மச்சான்,
எலியேசர்

ரொசெந்தோ, நான் நூரிஸ். அண்ணன் தபால்தலை வாங்கப் போயிருக்கிறான், அந்த நேரத்தில் இதை எழுதுகிறேன். உனக்குத் தனியாக எழுதும் கடிதங்களில் இதைக் கேட்கத் துணிச்சல் வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் துறைமுக வாசலில் உன்னைப் பார்க்கும்போது இரண்டு கையிலும் பெட்டி இருக்கும், தோளில் ஒன்று இருக்கும். "இரு, ஒடஞ்சிரும்" என்பாய். ஈரம் இல்லாத இடம் தேடி, ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் என்னிடம் வருவாய். அதுவரை நான் நின்றுகொண்டிருப்பேன். இந்த முறை எனக்கு ஒன்றும் கொண்டுவராதே. வெறுங்கையோடு வா.


ஆன்ட்வெர்ப்
14 செப்டம்பர் 1988

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் ஆபீசில் என் ஒப்பந்தத் தாளுக்குப் பக்கத்தில் கிடந்தது. குமாஸ்தா இரண்டையும் ஒன்றாகத்தான் நீட்டினார். முதலில் கடிதத்தைப் பிரித்தேன்.

திருடன்தான், ஒப்புக்கொள்கிறேன். கீறல் இல்லாத காப்பி தேடத்தான் 212-ஐ எடுத்துப் போனேன். போன இடத்தில் எல்லாம் ஒரே பாட்டாகக் கேட்டது. நாலு வருடமாகவே அப்படித்தான். நீங்கள் கேட்ட அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் 212-ஐயே திருப்பி அனுப்பினேன். நீங்கள் முழுதாகக் கேட்காத அந்த நாற்பதை நானும் கேட்டு வாங்கவில்லை. உறையில் இருந்த படத்தைப் பார்த்து வாங்கினேன். நல்ல சட்டை போட்டவன் நன்றாகப் பாடுவான் என்று ஒரு கணக்கு. அந்த உறைகளையும் நீங்கள் அடுப்பில் போட்டுவிட்டீர்கள்! உங்கள் வெற்றிக் கடிதம் வந்த அன்று கப்பலில் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். உண்மையைச் சொன்னால் உங்கள் கால் நின்றுவிடுமே என்று பயந்தேன்.

அரிஸ்தீதெஸுக்குக் கொடுக்கும்போது 212-ஐ மட்டும் எடுத்துப் பெத்ரோனாவிடம் கொடுத்துவிடுங்கள். கீறல் அவளுடையது.

மாட்டைத் தொலைத்தவன் பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை. ஜன்னலோரம் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

கையெழுத்துப் போடவில்லை. அக்டோபர் மூன்றாம் தேதி வரும் கப்பலில் வருகிறேன், சமையல்காரனாக இல்லை, பயணியாக. துணிப்பெட்டியை வில்ஃப்ரிதோவிடம் கொடுத்துவிட்டேன், அவன் பின்னால் தூக்கி வருவான்.

நூரிஸிடம் சொல்லுங்கள். வாசலில் நிற்க வேண்டாம், உள்ளேயே வந்துவிடட்டும். என் கையில் ஒன்றும் இருக்காது.

ரொசெந்தோ